வேரைக் காட்டி விற்கும் மருத்துவம்

"மருத்துவரிடம் போய் வந்தோம், அவர் நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை" என்று சலித்துக்கொள்ளாத குடும்பம் இன்று எது? வெளியே மூன்று மணி நேரம் காத்திருப்பு. உள்ளே மூன்று நிமிடப் பேச்சு. கையில் ஒரு சீட்டு. சொல்ல நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட, உம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். இந்தக் குறையை மறைத்துக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்க நாம் விரும்பவில்லை. ஏனெனில், நாம் மறுத்தெழுதப் புகும் கூட்டத்தார் தம் மாளிகைக்குக் கடைக்கால் இட்டிருப்பது இந்தப் பள்ளத்தில்தான்.

அமெரிக்காவில் தோன்றி இன்று கடல் கடந்தும் பரவிவரும் ஒரு மருத்துவ முறைக்கு 'ஃபங்ஷனல் மெடிசின்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். 'செயல்பாட்டு மருத்துவம்' என நாம் வழங்குவோம். நோயின் பெயரைத் தேடாதீர்கள், நோயின் வேரைத் தேடுங்கள் என்பது அதன் முழக்கம். குடல், இயக்குநீர், நச்சுப் பொருள், உணவு, உறக்கம், மனக்கவலை ஆகிய யாவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அப்பின்னலை அவிழ்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மருத்துவம் வகுப்போம் என்கிறார்கள். கேட்கும்போது காது இனிக்கிறது. இம்முறை நம்பத்தக்கதா? நம்பத்தக்கதன்று என்பதே நம் முடிவு. ஏன் என்பதைச் சொல்லுமுன், நம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

நமக்குத் தங்கை முறையாகும் ஒருவர், மணமுடித்து அமெரிக்காவில் குடியேறியவர், நாற்பதை நெருங்கும் வயதில் தீராத அயர்வுக்கு ஆளானார். எழும்போதே களைப்பு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் மீண்டும் படுக்கை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, எல்லாம் சரியாகவே இருக்கிறதென்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். அயர்வும் அவரோடு கூடவே வீடு திரும்பியது. தோழி ஒருத்தி சொல்லக் கேட்டுச் செயல்பாட்டு மருத்துவ நிலையம் ஒன்றுக்குப் போனார். முதல் நாளே ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துப் பிறந்த கதையிலிருந்து கேட்டார்களாம். "என்னை ஒரு மனுஷியா மதிச்சு உட்கார வச்ச மொத எடம் இதுதான் காக்கா" என்று தொலைபேசியில் அழுதார். அந்தக் கண்ணீரை எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை.

மூன்று வாரம் கழித்து நாற்பது பக்கச் சோதனை அறிக்கை வந்தது. இருபத்து மூன்று உணவுப் பொருள்கள் அவருக்கு ஆகாதவை என்றது அது. கோதுமை, பால், முட்டை, பாதாம், தேங்காய்கூட அதில் உண்டு. தேங்காய் ஆகாதென்றால் நம் பக்கத்துப் பெண் எதைத்தான் சமைப்பாள்? பதினான்கு புட்டிகளில் மாத்திரைகளும் பொடிகளும் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த நிலையமே விற்பனையும் செய்தது. காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. அடுத்த நோன்புப் பெருநாளுக்கு ஊர் வந்தபோது, சஹனைச் சுற்றி எல்லாரும் அமர, அவர் மட்டும் தனித் தட்டில் வேகவைத்த சுரைக்காயோடு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். பதினோரு கிலோ இளைத்திருந்தார். அவருடைய உம்மா அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாம் பார்த்தோம். அயர்வு நீங்கிற்றா என்று கேட்டோம். "வேர் இன்னும் முழுசாப் பிடிபடலையாம், இன்னும் சில டெஸ்ட் பாக்கி இருக்காம்" என்றார்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம்.

இம்முறையைத் தோற்றுவித்தவர் ஜெஃப்ரி பிளாண்ட் என்னும் அமெரிக்கர். அவர் உயிர்வேதியியல் கற்றவர். நாடி பிடித்து நோய் தீர்க்கும் மருத்துவர் அல்லர். தம் துணைவியார் சூசனோடு சேர்ந்து 1991-ஆம் ஆண்டில் செயல்பாட்டு மருத்துவக் கழகத்தை நிறுவினார். பின்னர் மார்க் ஹைமன் என்னும் குடும்ப மருத்துவர் நூல்கள் பல எழுதி இதைப் பரப்பினார். 2014-ஆம் ஆண்டில், இதய மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற கிளீவ்லாந்து கிளினிக், ஹைமனைத் தலைவராகக் கொண்டு இதற்கெனத் தனி மையமே திறந்தது. 'அவ்வளவு பெரிய மருத்துவமனையே இடம் கொடுத்துவிட்டதே' என்பது அன்று முதல் இவர்கள் கையில் இருக்கும் கேடயம். பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரெல்லாம் அவ்வீட்டுப் பிள்ளையாகிவிடுவரோ?

இவர்கள் சொல்வதில் நல்லவை இல்லையா என்றால், உண்டு. காய்கறி உண்ணுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள், நடங்கள், நன்றாக உறங்குங்கள் என்கிறார்கள். ஆனால் இவை இவர்கள் வீட்டுச் சொத்தா? 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் வாசலில் நின்ற 3,234 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்ட கூட்டத்தில் நீரிழிவு 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்ட கூட்டத்தில் 31 விழுக்காடே குறைந்தது. நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரைக் கொண்டு இதே போன்ற ஆய்வை நடத்தி, நம்மவர் உடலிலும் வாழ்க்கை முறை மாற்றத்தால் நோய் 28.5 விழுக்காடு குறைவதை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 'மாத்திரை மட்டுமே தெரிந்தவர்கள்' என இவர்கள் ஏளனம் செய்யும் வழக்கமான மருத்துவர்கள்தாம் இவற்றை நிறுவியவர்கள். பொதுக் கிணற்றில் தண்ணீர் மொண்டு, தம் பெயர் ஒட்டிய குடத்தில் விற்பது எந்த வகை நேர்மை?

பொதுச் சொத்தைக் கழித்துவிட்டால் செயல்பாட்டு மருத்துவத்துக்கே உரியதாக எஞ்சுவன இரண்டு: கணக்கற்ற சோதனைகள், கணக்கற்ற புட்டிகள்.

சோதனையின் கணக்கை முதலில் பார்ப்போம். 'இயல்பான அளவு' என்று அறிக்கையில் அச்சிடுகிறார்களே, அது எப்படி வகுக்கப்படுகிறது? பெரும்பாலும், நலமுள்ள மக்கள் பலரைச் சோதித்து, அவர்களுள் நூற்றுக்கு 95 பேர் அடங்கும் எல்லையை இயல்பு எனக் குறிக்கிறார்கள். அப்படியானால் நோய் சிறிதும் இல்லாத இருபது பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியேதான் நிற்பார். இனி ஒருவருக்கே, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்தால், எல்லாமே இயல்பு என வரும் வாய்ப்பு நூற்றுக்கு 36 மட்டுமே. 100 சோதனைகள் செய்தாலோ அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஹைமன் இணைந்து நிறுவிய ஒரு நிறுவனம், ஆண்டுக்கு 499 டாலர் கட்டணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகள் செய்து தருவதாகத் தன் தொழிலைத் தொடங்கியது. கணக்குப் பாடம் பொய்யாகாவிட்டால், அந்த வாசலிலிருந்து குறையொன்றுமின்றித் திரும்புவோர் அரியர். எதைத் தேடினாலும் கிடைக்கும் இடத்தில், கிடைத்ததெல்லாம் நோயின் வேர் என்று எப்படிச் சொல்வது?

தென் கொரியாவில் நடந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். நலமாக இருந்த மக்களின் கழுத்தையெல்லாம் கருவி வைத்துப் பார்க்கத் தொடங்கியதால், 2011-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்று 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்காயிற்று. அந்நோயால் மாண்டவர் தொகையோ மாறவே இல்லை. ஆயிரக்கணக்கானோர் தேவையின்றிக் கழுத்தறுவைக்கு ஆளாயினர். இது வழக்கமான மருத்துவம் செய்த பிழை. அப்பிழையை எண்ணி அம்பலப்படுத்தியவர்களும் மருத்துவர்களே.

நம் தங்கையின் சஹனைப் பறித்த சோதனை எது? உடலின் எதிர்ப்புப் புரதங்களில் பல வகை உண்டு. நிலக்கடலை தின்றதும் தொண்டை அடைத்து உயிருக்கே கேடு வருகிறதே, அத்தகைய ஒவ்வாமையை எழுப்புவது ஐ.ஜி.ஈ. என்னும் வகை. இவர்கள் அளந்தது ஐ.ஜி.ஜி. என்னும் வேறு வகை. ஓர் உணவை நாம் உண்டோம், உடல் அதை அறிந்துகொண்டது என்பதற்கு அது அடையாளம். பல வேளைகளில், அவ்வுணவை உடல் ஏற்றுப் பழகிவிட்டதற்கே அடையாளம். தேங்காய்ப்பாலில் வளர்ந்தவள் இரத்தத்தில் தேங்காயின் தடம் இல்லாமல் வேறென்ன இருக்கும்? இச்சோதனையை நோய் காணப் பயன்படுத்தலாகாதென்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-ஆம் ஆண்டிலும், கனடாவின் கழகம் 2012-ஆம் ஆண்டிலும் எழுத்து மூலம் அறிவித்துவிட்டன. அமெரிக்கக் கழகத்தின் கருத்தும் அதுவே. இருந்தும் சோதனை விற்பனையாகிறது. இதில் இன்னொரு தீங்கும் உண்டு. கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் என்னும் நோய் மெய்யாகவே இருப்பவர், சோதிக்குமுன் கோதுமையை நிறுத்திவிட்டால், அந்நோயைக் காட்டும் அடையாளங்கள் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். இல்லாத வேரைத் தேடப் போய் இருக்கும் வேரைப் புதைப்பது இதுதான்.

புட்டிகளே சோதனையைக் கெடுப்பதும் உண்டு. முடிக்கும் நகத்துக்கும் நல்லதென்று விற்கப்படும் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்து மிகுந்தால், இரத்தச் சோதனைகள் சில பொய் எண் காட்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ஆம் ஆண்டில் எச்சரித்தது. மாரடைப்பைக் காட்ட வேண்டிய சோதனை இதனால் பொய்யாகத் தாழ்ந்து, ஒருவர் இறந்த செய்தியும் அவ்வெச்சரிக்கையில் உண்டு.

இனி 'வேர்' என்னும் சொல்லுக்கே வருவோம். வாதத்தின் உயிர்நாடி இதுதான். உடலுக்குள் ஒரு காரணத்தைக் கண்டுவிட்டோம், அதைத் திருத்தினால் நோய் தீரும் என்பது அறிவுக்குப் பொருந்துவது போலவே தோன்றும். ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் இரத்தத்தில் மிகுந்தவர்களுக்கு இதயநோய் மிகுதி என்று கண்டார்கள். ஃபோலிக் அமிலமும் பி-6, பி-12 உயிர்ச்சத்துகளும் அதைக் குறைக்கும் என்பதும் தெரிந்தது. வேர் கிடைத்துவிட்டது, மருந்தும் மலிவு, பிறகென்ன தயக்கம்? 5,522 பேரிடம் ஐந்தாண்டு சோதித்து 2006-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கிற்று, மாரடைப்பும் இதயநோய்ச் சாவும் இறங்கவில்லை. பீட்டா கரோட்டீன் கதை இதனினும் கொடிது. கேரட்டும் கீரையும் மிகுதியாக உண்பவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்பதால், அச்சத்தை மட்டும் பிரித்து வைட்டமின் ஏ-யோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். புகைப்பவரும் ஆஸ்பெஸ்டாஸ் தூசில் உழைத்தவருமாக 18,314 பேர் அதில் சேர்ந்தார்கள். மருந்துண்டவரிடம் நுரையீரல் புற்று 28 விழுக்காடும் சாவு 17 விழுக்காடும் மிகுந்ததால், 1996-ஆம் ஆண்டில் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். நிறுத்தியிராவிட்டால்? சோதிக்காமலே புட்டியில் அடைத்து விற்றிருந்தால்? மாண்டவர்களின் பிள்ளைகள், 'எங்கள் வாப்பா நல்ல சத்து மாத்திரை சாப்பிட்டு வந்தார்' என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மெய்யான வேர் கிடைக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் அமிலமும்தான் என்று உலகமே நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தைச் சேர்ந்த ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், அதற்குக் காரணம் ஒரு கிருமி என்றார்கள். பலர் நகைத்தனர். மார்ஷல் 1984-ஆம் ஆண்டில் அக்கிருமியைத் தாமே குடித்துத் தம் இரைப்பையில் அழற்சி உண்டாக்கிக் காட்டினார். அவ்வளவோடு உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றிருக்கவும் கூடாது. கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்த கூட்டத்தில் புண் ஆறித் திரும்பாமல் இருந்ததை ஆய்வுகள் காட்டிய பிறகே ஏற்றது. 2005-ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புதியவர்களை மருத்துவ உலகம் உள்ளே விடாது என்று புலம்புவோர், பெர்த் நகரத்தார் எந்தச் சாவி கொண்டு கதவைத் திறந்தார்கள் என்று பார்க்கட்டும்.

இதற்கு அவர்கள் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். 'எங்கள் மருத்துவம் ஆளுக்கு ஆள் மாறுவது. எல்லாருக்கும் ஒரே மாத்திரை கொடுத்துச் சோதிக்கும் உங்கள் அளவுகோல் எங்களுக்குப் பொருந்தாது' என்பது அது. சாமர்த்தியமான பேச்சு. ஆனால் சோதிக்க வேண்டியது ஒரு மாத்திரையை அன்று, முறையை. அயர்வால் வருந்தும் ஆயிரம் பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியினருக்கு நீங்கள் விரும்பியபடி ஆளுக்கொரு மருத்துவம் செய்யுங்கள். மறுபாதியினருக்கு அதே அளவு நேரம் செவிசாய்த்து, அதே நல்லுணவையும் நடையையும் மட்டும் சொல்லி அனுப்புங்கள். இரண்டாண்டு கழித்து எண்ணுவோம். இதில் பொருந்தாதது எது?

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த எண்ணம் நமக்கு அந்நியமானதன்று. பாக்தாது மருத்துவமனையை நடத்திய அர்-ராஸீ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தம் 'அல்-ஹாவீ' நூலில், மூளைக் காய்ச்சலின் அறிகுறி தோன்றியவர்களில் ஒரு கூட்டத்துக்குக் குருதி வடித்ததையும், ஒப்பிடுவதற்காகவே மற்றொரு கூட்டத்துக்கு வடிக்காமல் விட்டதையும் குறித்து வைத்தார். கிரேக்கப் பேராசான் ஜாலீனூஸின் மீதே ஐயங்கள் எழுப்பித் தனி நூல் செய்தவர் அவர். ஆயினும் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒப்பீட்டிலிருந்து குருதி வடிப்பது நல்லது என்ற முடிவுக்கே அவர் வந்தார். அது பிழை என்பதை இன்று அறிவோம். அத்துணைப் பெரியவர் ஏன் வழுக்கினார்? யாருக்கு வடிப்பது, யாரை விடுவது என்பதைச் சீட்டு முடிவு செய்யவில்லை; மருத்துவரின் கண் முடிவு செய்தது. எந்தக் கூட்டத்தில் வலியவர் சேர்ந்தார், எதில் மெலியவர் சேர்ந்தார் என்பது தெரியாமற் போயிற்று.

கிளீவ்லாந்து மையத்தார் 2019-ஆம் ஆண்டில் பெருமையோடு வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தம்மிடம் வந்த 1,595 பேரையும், குடும்ப மருத்துவ நிலையத்துக்குப் போன 5,657 பேரையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் தம்மவர் உடல்நலம் பற்றித் தாமே கொடுத்துக்கொண்ட மதிப்பெண் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது என்றார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் இரு கூட்டத்துக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது; அதை மேடைகளில் சொல்வதில்லை. சீட்டுக் குலுக்கல் இல்லை. தன் காசைக் கொடுத்து, உணவை மாற்றும் உறுதியோடு தேடி வருகிறவரும், வழக்கம்போல் வந்து போகிறவரும் ஒரே தரத்தவரா? அர்-ராஸீயின் காலத்தில் சீட்டுக் குலுக்கும் முறை மருத்துவத்துக்கு வரவில்லை. இவர்களுக்கு என்ன வந்தது?

நம் சேத்துப்பட்டுக்குத் தெரிந்திருந்ததே! 1956-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கி, ஒரு பாதியினரை நல்ல உணவும் ஓய்வும் செவிலியர் கவனிப்பும் கொண்ட சானடோரியத்துக்கும், மறுபாதியினரை அதே மாத்திரைகளோடு நெரிசல் மிகுந்த தம் வீடுகளுக்கும் அனுப்பியது. காச நோய்க்கு ஓய்வும் ஊட்டமும் நல்ல காற்றுமே உயிர் என்று அறிஞர்கள் உறுதியாக நம்பியிருந்த காலம் அது. 1959-ஆம் ஆண்டில் வெளியான முடிவில், வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு அது வழி வகுத்தது. குடிசை வாசிகளிடம் செய்ய முடிந்ததை, கோடீசுவரர்கள் வரும் நிலையங்களில் செய்ய முடியாதா?

'ஆங்கில மருத்துவம் மட்டும் யோக்கியமா?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு பிறழ்ந்தால் சாவு வரும் என்பதால், பிறழ்வை அடக்கும் மாத்திரைகளை அமெரிக்க மருத்துவர்கள் வாரி வழங்கினார்கள். அதுவும் ஒரு 'வேர்' வாதமே. 1,498 பேரைக் கொண்டு சோதித்தபோது, மாத்திரை உண்டவர்களில் 63 பேரும் வெற்று மாத்திரை உண்டவர்களில் 26 பேரும் இறந்தார்கள். 1989-ஆம் ஆண்டில் அச்சோதனையில் அம்மருந்துகளை நிறுத்தினார்கள். அதற்கு முன் எத்தனை உயிர்கள் போயினவோ! 2004-ஆம் ஆண்டில் வயாக்ஸ் என்னும் வலி மருந்து, இதயத்தைத் தாக்குகிறதென்று தெரிந்து கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மருந்துக் குழுமங்களின் பேராசையை நாம் மறைக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். அந்த மருந்துகள் விழுந்தன. அவற்றை வீழ்த்திய ஆய்வுகள் அச்சில் இருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் செயல்பாட்டு மருத்துவத்தில், 'இதைச் சோதித்தோம், பயனில்லை எனக் கண்டோம், கைவிட்டோம்' என்று அவர்களே அறிவித்த புட்டி எது? மார்க்கறிந்த வணிகன் சொத்தைக் காயைத் தானே எடுத்து எறிவான். எதையும் எறியாத கடையில் நமக்கென்ன நம்பிக்கை?

வணிகம் என்ற சொல்லை நாம் சினத்தில் சொல்லவில்லை. ஜெஃப்ரி பிளாண்டின் நிறுவனங்கள் விற்ற எடைக் குறைப்புப் பொருள்கள் பற்றிய கூற்றுகள் ஆதாரமற்றவை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1991-ஆம் ஆண்டில் குற்றஞ்சாட்டி ஆணை பிறப்பித்தது. அவ்வாணையை மீறியதாக எழுந்த வழக்கில், 1995-ஆம் ஆண்டில் 45,000 டாலர் தண்டம் செலுத்த வேண்டியதாயிற்று. ஊட்டச்சத்துப் புட்டிகள் பயனுள்ளவை என்று விற்பனைக்கு முன் எண்பிக்க வேண்டாத வகையில் அந்நாட்டுச் சட்டமே 1994-ஆம் ஆண்டில் வாசலைத் திறந்து விட்டிருக்கிறது. அமெரிக்கக் குடும்ப மருத்துவர் கழகம் 2014-ஆம் ஆண்டில் இம்முறையின் பயிற்சி வகுப்புகளுக்கு அங்கீகாரம் தர மறுத்தது. 2018-ஆம் ஆண்டில் சற்றே தளர்த்தி, இது இன்னதென்று அறிமுகம் செய்யும் வகுப்புகளுக்கு மட்டும் இடம் தந்தது.

'பயனில்லாவிட்டாலும் கேடில்லையே' என்று நம் வீட்டுப் பெண்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். கேடு உண்டு. உடலில் உலோக நஞ்சு சேர்ந்திருக்கிறது, ஊசி ஏற்றி வெளியேற்றுவோம் என்பது இத்தகையோரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. முதலில் உலோகத்தை இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு சிறுநீரில் உலோகத்தை அளக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அமெரிக்க நச்சியல் மருத்துவக் கல்லூரி 2010-ஆம் ஆண்டில் அறிவித்தது. 2005-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில், ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இத்தகைய ஊசியால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து இறங்கி மாண்டான். செயல்பாட்டு மருத்துவம் என்ற பலகை அங்கே தொங்கியதாக நாம் சொல்லவில்லை. நஞ்சென்னும் வேரைக் காட்டி ஊசி ஏற்றும் எண்ணம் ஒன்றே. மஞ்சளைக்கூட இவர்கள் விடவில்லை. நம் மீன் ஆணத்தில் போடும் மஞ்சளால் எவருக்கும் கல்லீரல் கெடவில்லை. அதைச் செறிவாக்கி, குடல் விரைந்து உறிஞ்சும் பொருட்டு மிளகின் சத்தையும் சில வேளை கூட்டி விற்ற மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட பத்துப் பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2022-ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஐவர் மருத்துவமனையில் கிடந்தனர், ஒருவர் இறந்தார்.

மருத்துவப் பெருமக்களிடமும் ஒரு சொல் உண்டு. உங்கள் அறையில் கிடைக்காத செவியைத்தான் எங்கள் பெண்கள் அங்கே விலை கொடுத்து வாங்குகிறார்கள். 'எல்லாம் நார்மல்' என்று நீங்கள் சொல்லும்போது, 'உன் நோவு பொய்' என்றே அவர்கள் காதில் விழுகிறது. 'காரணம் எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல நீங்கள் ஏன் இத்தனை அஞ்சுகிறீர்கள்? நீங்கள் சொல்லாத அந்தச் சொல்லின் இடத்தில்தான் இவர்கள் வந்து, தெரியாததையெல்லாம் தெரிந்ததாகச் சொல்லி அமர்கிறார்கள். குடும்பத்தாராகிய நாமும் தப்ப முடியாது. தங்கை படுத்தே கிடந்த அந்த இரண்டு ஆண்டுகளில், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டவர் நம்மில் எவர்?

அவர் இப்போது வேறொரு மருத்துவரிடம் போகிறார். வயதான அம்மாள் ஒருவர். முதல் நாளே, "உன் களைப்பு மெய்; அதன் காரணம் எனக்கு இன்னும் புலப்படவில்லை; மூன்று மாதத்துக்கு ஒருமுறை வா, பார்த்துக்கொண்டே இருப்போம்" என்றாராம். தடுத்து வைத்த உணவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்க்கச் சொன்னாராம். ஒன்றும் ஆகவில்லை. இளைத்த உடம்பு பாதி தேறியிருக்கிறது. அயர்வு சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. போன பெருநாளில் சஹனில் அமர்ந்து உண்டார். உம்மா அவர் பக்கமாகவே கறியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பதினான்கு புட்டிகளும் இன்னும் அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றனவாம். கொடுத்த காசை நினைத்தால் தூக்கி எறிய மனம் வரவில்லையாம்.